குளிருக்கு இடமில்லாத படிவம்

தம்பி,

நீ கேட்ட கையெழுத்தை நான் இன்னும் போடவில்லை. படிவம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பொறியாளர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். படிவம் வந்த பிறகு நீயும் மூன்று முறை போன் செய்துவிட்டாய். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சாப்பிடும் நேரம், சிக்னல் இல்லை என்று எதையோ சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, உனக்குக் கணக்கு முந்திக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் தாங்கள் ஒருநாளும் போய்ப் பார்க்காத கட்டடத்துக்குச் சென்னையில் உட்கார்ந்து கணக்குப் போடும் பிள்ளைகள் உன்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நான் ஜமுனாமரத்தூர் மலையில் ஒரு பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை, விடுதிக் காப்பாளரும் நான்தான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விடுதிக்கு ஐந்து வருடம் முன்பு புதுக் கட்டடம் வந்தது. இப்போது அதே வரைபடத்தில் இன்னொரு கட்டடம் பின்னாலேயே கட்டப் போகிறார்கள். ஆற்றல் சேமிப்பு விதிப்படி அந்தக் கட்டடம் வெயிலைத் தாங்குமா, காற்று போதுமா, மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுத் தரும் நிறுவனத்தில் நீ வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். எங்கள் மலைக்கான வேலை என்று தெரிந்ததும் நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். அந்தச் செய்தியைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? விடுதிச் சமையல்காரி கன்னியம்மாவிடம் போய், "நம்ம கஷ்டம் தெரிஞ்சவன் கையிலதான் இந்த முறை பென்சில் இருக்கு" என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்து நீ பேசியதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, எல்லாம் பாஸ் ஆயிடுச்சு. இப்ப இருக்கற கட்டடத்துல தங்கியிருக்கறவங்க ஃபீட்பேக் ஒண்ணுதான் பெண்டிங். நீ டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டுடு."

"மேல இருக்கற ஓட்டைங்களுக்குக் கதவு போட்டிருக்கியாடா?"

"அது ஓட்டை இல்லமா, வென்டிலேஷன். கதவு கிதவு எதுவும் ஸ்டாண்டர்ட் டிராயிங்ல இல்ல."

"இந்த மலை குளிரும்னு உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாய். "லிஸ்ட்ல நம்ம மலை இல்லமா. கீழ இருக்கற ஊருதான் வருது. அந்த ஊரு வெயிலத்தான் எடுத்துக்குது."

அந்த மௌனத்துக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். உனக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்தாதவனாக இருந்தால் எழுதிப் பயனில்லை.

நியாயமாகவே பேசுகிறேன். இதற்கு முன்பிருந்த ஓட்டு விடுதி சொர்க்கமாக ஒன்றும் இல்லை. மழைக்கு ஒழுகும், ஓட்டுக்கு இடையிலிருந்து தேள் விழும். புதுக் கட்டடம் வந்தபோது எனக்கும் சந்தோஷம்தான். நிலக்கரிச் சாம்பலில் செய்த கல்லால் சுவர், கான்கிரீட் கூரை, கூரைக்கு மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூலிங் டைல்ஸ், எதிரெதிர்ச் சுவர்களில் கூரையை ஒட்டி வரிசையாக மூட முடியாத சிமெண்டுத் துளைகள். சித்திரை வெயிலில் அந்த அறைகளுக்குள் போனால் மண்பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கல் ஏற்றிய லாரிகள் மலைப்பாதையில் முக்கி முனகி வந்து நின்றபோது, கன்னியம்மா எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வெளியே வந்து பார்த்தாள். "டீச்சர், இது கரண்ட மிச்சம் புடிக்கற கல்லுன்றாங்களே, இத்தினி வளைவு ஏறி வர்றதுக்கு லாரி எவ்ளோ டீசல் குடிச்சிருக்கும்? அத்த எவன் எழுதறான்?" என்றாள். இறக்கும்போதே பாதிக் கல் மூக்கு உடைந்து விழுந்தது. நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அவள் கேட்டது நல்ல கேள்வி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திறப்பு விழாவன்று ஒரு தாளை நீட்டினார்கள். கட்டடம் திருப்திகரமாக உள்ளது என்று அதில் அச்சடித்திருந்தது. வெளியே மேளம், உள்ளே விருந்தினருக்கு டீ போகவில்லை என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். அது வைகாசி மாதம். ஒரு மார்கழியைக்கூடப் பார்க்காத கட்டடத்தில் எனக்குத் திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் முதல் தவறு அது. அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாக் கடிதங்களுக்கும் அந்த ஒரு கையெழுத்துதான் பதிலாக வந்தது. "தாங்கள் திருப்தி தெரிவித்துள்ளீர்கள்" என்று.

கார்த்திகை பிறந்ததும் தெரிந்துவிட்டது. அந்தத் துளைகள் வழியாகக் காற்று நேராகப் பிள்ளைகளின் தலைமாட்டில் இறங்கும். மழைச் சாரலோடு பனியும் வரும். கூரைக்கு மேல் இருக்கிற டைல்ஸ் பகலில் கிடைக்கிற கொஞ்ச நஞ்ச வெயிலையும் உள்ளே விடாது. காலையில் பிரேயரில் நின்றால் பாட்டை விட இருமல் அதிகமாகக் கேட்கும். துளைகளுக்குக் கதவு வேண்டும் என்று எழுதினேன். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் மாற்றம் செய்ய இயலாது என்று பதில் வந்தது. நானே தச்சரை வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். அரசுக் கட்டடத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்தால் தணிக்கையில் ஆட்சேபணை வரும் என்று பதில் வந்தது. இரண்டு பதிலும் ஒரே ஆள் தட்டச்சு செய்தது போல இருந்தன.

இங்கே உன் சின்ன வயது ஞாபகம் ஒன்று குறுக்கே வருகிறது. உனக்கு நான்கு வயதில் வீசிங் இருந்தது. குவார்ட்டர்ஸில் குளிர் காற்று உன் மேல் படக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் என் பழைய புடவைகளைத் திணித்து வைப்பேன். திருப்பத்தூர் டாக்டர் அதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டிய திட்டு உன் அப்பாவுக்கு இன்றும் வேடிக்கைக் கதை. "ஏம்மா, புள்ளய வளக்கறியா, ஊறுகா போடறியா? ஜன்னலத் தொற!" என்றார். வீட்டுக்கு வந்து திறந்தேன். இரண்டே நாள். மூன்றாம் நாள் உனக்கு மூக்கு ஒழுகியதும் மறுபடியும் புடவை. குளிர் என்றால் அடைக்க வேண்டும் என்பது எனக்குள் அறிவுக்கு முன்னால் ஓடுகிற ஒன்று. உன்னிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்ததற்கு அதுதான் காரணம். குளிர் மட்டும் காரணமில்லை.

கட்டடம் வந்த இரண்டாம் வருடம், யாருக்கும் எழுதிக் கேட்கவில்லை. ஸ்டோரில் திறப்பு விழா ஃப்ளெக்ஸ் சுருட்டிக் கிடந்தது. வாட்ச்மேனை ஏணி போடச் சொல்லி, அதை வெட்டி, கட்டுக்கம்பியால் எல்லாத் துளைகளையும் இறுக்கி அடைத்தேன். "வருக வருக" என்ற எழுத்துகள் துண்டு துண்டாகப் பிள்ளைகளின் தலைக்கு மேல் தொங்கின. அன்று அவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக மழை, துவைத்த யூனிஃபார்ம் எதுவும் காயவில்லை, கரண்டும் இல்லை. இரண்டாம் அறைப் பிள்ளைகள் தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு நடுங்கியிருக்கிறார்கள். கன்னியம்மாவிடம் தணல் கேட்டார்கள். அவள் கட்டட வேலைக்காரர்கள் விட்டுப்போன இரண்டு இரும்புச் சட்டிகளில் அடுப்புக் கரியை அள்ளி, புகை முழுக்க அடங்கும் வரை வெளியில் வைத்திருந்து, சிவப்பாகக் கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மலையில் எல்லா வீட்டிலும் செய்வதுதான் அது. புகைதான் கெடுதல், புகை போன தணல் ஒன்றும் செய்யாது என்பது இவர்கள் கணக்கு. புல் வேய்ந்த கூரைக்கு அந்தக் கணக்கு சரி, கூரையே மூச்சு விடும். பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து முடியைக் காயவைத்தார்கள்.

மாலை டீக்கு மணி அடித்தும் இரண்டாம் அறையிலிருந்து யாரும் வரவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், மற்றவர்கள் தூங்குகிற மாதிரிக் கிடந்தார்கள். அவர்களில் பூங்கொடி என்கிற பிள்ளையை எழுப்பினால் எழவில்லை. அறையில் ஒரு வாசனையும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. நிறமில்லை, மணமில்லை, இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கார்பன் மோனாக்சைடைப் பற்றி நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், தம்பி. நான் வேதியியல் பட்டம் வாங்கியவள். நான் அடைத்த அறையில், நான் சொல்லிக்கொடுத்த வாயு. கன்னியம்மாவும் நானும் ஒவ்வொருத்தியாக வராந்தாவுக்கு இழுத்துப் போட்டோம். மழையில் நனைந்துகொண்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தோம்.

எல்லோரும் பிழைத்தார்கள். பூங்கொடி மட்டும் மறுநாள்தான் கண் விழித்தாள். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து பாதி வழி நடந்தும் பாதி வழி ஜீப்பிலும் அவள் அப்பா வந்து சேர்ந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் குந்தியபடி, "எங்க வூட்ல தெனைக்கும் தணலு வெச்சிக்கினுதான் படுக்கறோம் டீச்சர். எங்க அப்பன் காலத்துலருந்து ஒண்ணும் ஆனதில்ல. இந்த வூடு இன்னா வூடு? நெருப்பு வெச்சா புள்ளைய சாவடிக்குது, வெக்காட்டி குளுருல சாவடிக்குது" என்றார். ஃப்ளெக்ஸ் கட்டியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீ இன்னா பண்ணுவ, குளுருக்குக் கட்டின" என்றார். அந்த மன்னிப்பை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. மகளை அழைத்துக்கொண்டு போனவர் திரும்ப அனுப்பவில்லை. நான் இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். மூன்றாம் முறை போனபோது அவள் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாள் என்றார்கள். வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல்.

விசாரணைக்கு வந்தவர்கள் ஒரு மணி நேரம் இருந்தார்கள். "விதிப்படி அமைக்கப்பட்ட காற்றோட்டத் துளைகள் காப்பாளரால் அடைக்கப்பட்டிருந்தன" என்று எழுதினார்கள். அது உண்மை. ஏன் அடைத்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மெமோ வந்தது. ஃப்ளெக்ஸையெல்லாம் அவிழ்க்க வைத்து, ஒவ்வொரு அறையிலும் "காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது" என்று சிவப்பு பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். அன்று நீ கல்லூரியிலிருந்து போன் செய்து என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "வென்டிலேஷனை அடைச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதாமா? நீ கெமிஸ்ட்ரிதானே?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ சொன்னது சரி. இவ்வளவு நாள் கழித்து ஒப்புக்கொள்கிறேன். அந்த விதிக்குப் பின்னால் ஒரு அறிவு இருந்தது, அது பிள்ளைகளின் மூச்சைப் பற்றி யோசித்திருக்கிறது. அதை என்னிடம் ஒருவர், ஒரே ஒரு வரியில், முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லாத விதியை நான் பிடிவாதம் என்று நினைத்தேன். கேட்காத என்னை அவர்கள் அலட்சியம் என்று எழுதினார்கள்.

அதனால் இந்த முறை சண்டை போடுவதற்கு முன்னால் படித்தேன். உன் பழைய லேப்டாப்பில் அந்த விதிப் புத்தகத்தை இறக்கி, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதில் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் துளைக்குக் கதவு போடக் கூடாது என்று எங்கும் இல்லை. திறந்து மூடும் கதவாக இருந்தால் திறக்கிற அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. உடனே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்?

"தெரியும்மா. கீல் வெச்ச கதவு போட்டா பாஸ் ஆகும். ஆனா டிராயிங்க மாத்தணும், புதுசா ரேட் வாங்கணும், மறுபடியும் அப்ரூவல் போகணும். எங்க சார் ஒத்துக்க மாட்டார். எல்லா விடுதிக்கும் ஒரே டிராயிங்தான் போகுது."

தெரியும்மா. அந்த ஒரு சொல்லில் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இத்தனை வருடம் நான் விதியோடு மல்லுக்கட்டுவதாக நினைத்திருந்தேன். விதி வழி விட்டுத்தான் இருக்கிறது. ஒரு வரைபடத்தை எடுத்து அடுத்ததற்கு அப்படியே வைத்துவிடுகிற சோம்பல்தான் பிள்ளைகளின் தலைக்கு மேல் காற்றாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அது தெரிந்த ஒரு ஆள் இப்போது என் மகனாகவும் இருக்கிறான்.

போன வாரம் பொறியாளர் படிவத்தோடு மேலே வந்தார். நல்ல மனிதர்தான், நான்கு ஊர் வேலை அவர் தலையில். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டார். "மேடம், 'அறையில் வெப்பம் குறைந்துள்ளதா'ன்னு கேட்டிருக்கு. குறைஞ்சிருக்கா, இல்லீங்களா?"

"குறைஞ்சிருக்கு சார். குறையக் கூடாத மாசத்துலயும் குறைஞ்சிருக்கு."

"அப்ப 'ஆம்'ல டிக் பண்ணிடுங்க."

டீ கொண்டுவந்த கன்னியம்மா நகரவில்லை. "சார், மேலுக்கு சொட்டரு, தலைக்குக் குல்லா, கையில சூடா டீ. இத்தயெல்லாம் போட்டுக்கினு வந்து, கட்டடம் ஜில்லுனு கீதுன்னு எழுதிக்கினு போறீங்களே, உங்களுக்கே சிரிப்பு வர்ல?" என்றாள். அவருக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "நான் இன்னாங்க பண்றது, குளிருக்குக் கட்டம் இல்லியே இதுல" என்றார். நான் பின்பக்கம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க மேடம். ஆனா பின்பக்கம் ஸ்கேன் ஆகாது."

'ஆம்' என்று போட்டால் அது பொய்யில்லை. 'இல்லை' என்று போட்டால்தான் பொய். அதனால்தான் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். உண்மையைச் சொல்லியே ஒரு தவறான கட்டடத்துக்கு இரண்டாம் முறை கையெழுத்துப் போட என்னால் முடியாது.

நீ வேலைக்குப் புதிது, உன் மேலதிகாரியை எதிர்த்துப் பேசு என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. நானே இருபது வருடம் சர்வீஸில் எதிர்த்துப் பேசிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, கணக்கை அனுப்புவதற்கு முன் கதவு போட்ட வரைபடத்துக்கும் ஒரு கணக்குப் போட்டு அதோடு சேர்த்து வை. முழுக்க மூட முடியாத கதவு, அடைத்தாலும் மேலே ஒரு கை அகலம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மறுபடியும் எவளாவது ஒரு காப்பாளர் என்னைப் போல அடைத்துவிடக் கூடாது. உன் சார் தூக்கிப் போட்டால் போடட்டும், யாரும் சொல்லவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. இரண்டு, அடுத்த கட்டடத்தில் பிள்ளைகளோடு இருக்கப் போகிறவர்களுக்கு அந்தத் துளை எதற்கு, தணல் ஏன் கூடாது என்று நாலு வரி தமிழில் நீயே எழுது. "கூடாது" என்று மட்டும் எழுதாதே.

நான் சொல்வதை நீ நம்பவும் வேண்டாம். நம்பிக் கையெழுத்துப் போட்டவள் கதையைத்தான் இவ்வளவு நேரம் படித்தாய். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், இரண்டாம் அறை காலியாக இருக்கும். அப்போது வா. உன் கருவிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து சுவரில் மாட்டி வை, காலை ஐந்து மணிக்கு அது என்ன சொல்கிறது என்று நீயே குறித்துக்கொள். அதன்பிறகு நீ 'ஆம்' போடச் சொன்னால் நான் போட்டுவிடுகிறேன். தரையில் பாய் போட்டு வைக்கிறேன். வரும்போது போர்வை ஒன்றுக்கு மேல் கொண்டுவராதே. பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒன்றுதான்.

உன்
அம்மா